கேட்குமுன் பரிமாறும் வட்டு

விடுதியில் பரிமாறுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். பந்தி வரிசையாக அமர்ந்திருந்தால், கேட்குமுன்பே சாம்பார் வாளியுடன் அடுத்த இலைக்கு வந்து நிற்பார். ஆளுக்கொரு மூலையிலிருந்து அழைத்தாலோ, முன்கூட்டித் தூக்கிவந்த வாளி வீண் சுமையே அன்றோ! ஐ.பி.எம். மெயின்ஃப்ரேமில் இயங்கும் லினக்ஸுக்கும் அதன் வட்டுகளுக்கும் இடையே நடப்பதும் இதுதான்.

அங்கே வட்டுகள் தனியொரு சேமிப்பகத்தில் உள்ளன. அதற்குக் கேஷ் என்னும் விரைவு நினைவகம் உண்டு. ‘டியூன்டாஸ்டி’ என்ற கட்டளையால் அக்கேஷுக்கு நாம் குறிப்புக் கொடுக்கலாம். நார்மல், பைபாஸ், இன்ஹிபிட், சீக்வென்ஷியல், பிரீஸ்டேஜ், ரெக்கார்டு எனக் குறிப்புகள் 6. எல்லாவற்றையும் விளக்கப் புகுந்தால் பக்கம் போதாது. வரிசையாகப் படிக்கும் வேலைக்கு உதவுபவை சீக்வென்ஷியலும் பிரீஸ்டேஜுமே. இவற்றோடு எத்தனை சிலிண்டர் என்றும் சொல்லலாம். லினக்ஸ் வட்டைப் படிக்கும்போது, ‘இந்த எல்லைக்குள் படிப்பேன்’ என்று சேமிப்பகத்துக்கு அறிவிக்கிறது. சிலிண்டர் எண் அவ்வெல்லையை முன்னோக்கி நீட்டுகிறது. 3390 வகை வட்டில் டிராக் ஒன்றுக்கு 4 கிலோபைட் கட்டங்கள் 12. சிலிண்டருக்கு 15 டிராக். ஆக, ஒரு சிலிண்டர் 720 கிலோபைட். அதுவே நம் வாளி.

சென்ற கோடையில் பயிற்சிக்குச் சென்ற இடத்தில், பெரிய கோப்பு ஒன்றைப் படித்து நேரம் பார்த்தேன். பிறகு பிரீஸ்டேஜ், 2 சிலிண்டர் என்று மாற்றி மீண்டும் படித்தேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது! பெருமையோடு அறிக்கையும் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த மூத்த பொறியாளர், “நார்மலுக்கே மாற்றி இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள்” என்றார். அதே வேகம்! முதல் வாசிப்பிலேயே கோப்பு லினக்ஸின் சொந்தப் பேஜ் கேஷில் தங்கிவிட்டது. பின்னர் வட்டை எவரும் தொடவேயில்லை. அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அதன்பின் ஒவ்வொரு முறையும் பேஜ் கேஷைக் காலிசெய்தேன். சேமிப்பகத்தின் கேஷை அவ்வாறு லினக்ஸிலிருந்து காலிசெய்ய இயலாது. ஆகவே அண்மையில் தொடாத வேறு கோப்புகளைப் படித்தேன். இரவுக் காப்புப்பிரதி வேலை சற்றே விரைந்தது. அங்குமிங்கும் தாவிப் படிக்கும் தரவுத்தளத்துக்கு ஒரு பயனும் இல்லை. 2004இல் அறிவிக்கப்பட்ட டி.எஸ். 8000 வரிசைச் சேமிப்பகங்கள் தொடர் வாசிப்பைத் தாமே கண்டுகொள்வன. அத்தகையவற்றில் நம் குறிப்பால் பெரும் மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று: பொறியை மறுபடி தொடங்கினால் இக்குறிப்பு நீங்கி நார்மலே திரும்பிவிடும். என் பிரீஸ்டேஜ் ஒரு ஞாயிறன்று அவ்வாறுதான் மறைந்தது. ஒரு வாரம் கழித்தே எனக்குத் தெரிந்தது.