நிலம் இல்லாத பிள்ளைக்கும் தோட்டக்கலை

தோட்டக்கலைப் பயிற்சி என்றதும் நம் பிள்ளைகள் பலர் முகம் சுளிப்பார்கள். "தாத்தா பாட்டி எஸ்டேட்டுல பட்டது போதாதாண்ணே?" என்பார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் தாத்தா வேலை செய்தது இன்னொருவர் நிலத்தில், இன்னொருவர் கணக்கில். தொழிலைக் கற்றுச் சொந்தமாகச் செய்வது வேறு.

நான் வாரக் கடைசியில் மிளகாய் வகுப்பு எடுக்கிறேன். நம் நாட்டில் இப்போது அதிகம் கற்றுத்தருவது ஃபெர்டிகேசி முறை. பையில் மண் கிடையாது, தேங்காய் நார்த்தூள்தான். சத்து, தண்ணீரோடு கலந்து சொட்டுக் குழாய் வழியாகச் செடிக்குப் போகும். உரம் ஏ, பி என்று இரண்டு தொட்டிகளில் இருக்கும். "ரெண்டையும் ஒண்ணா கரைச்சா என்ன?" என்பது எப்போதும் வரும் முதல் கேள்வி. ஏ-யில் கால்சியம், பி-யில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாக இருக்கும்போது சேர்த்தால் சுண்ணாம்புபோல அடியில் படிந்துவிடும். சத்தும் போச்சு, குழாயும் அடைச்சுக்கும். பெரிய தொட்டித் தண்ணீரில் தனித்தனியாக ஊற்றினால் பிரச்சினை இல்லை. அந்த நீரின் பி.எச். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

அடுத்தது இலையைப் படிப்பது. ஓரம் மேலே சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன். கீழே சுருண்டால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் பூச்சியே இல்லை, எட்டுக்கால் இனம். பல பூச்சிமருந்துக்கு அது அசையாது. இது தெரியாமல் மருந்துக்கு மருந்து அடித்துக் காசை விட்டவர்கள் நிறைய.

இதையெல்லாம் கற்று, சான்றிதழும் வாங்கிய பிறகு வருவதுதான் பெரிய கேள்வி: நிலம் எங்கே? எஸ்டேட்டை விட்டு வந்த நம் குடும்பங்களில் பலருக்குச் சொந்த நிலம் இல்லை. அரசு நிலத்துக்கு டி.ஓ.எல். என்ற தற்காலிக உரிமம் உண்டு. 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டப்படி அது அந்தந்த ஆண்டு டிசம்பர் 31-ல் முடியும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அப்படிப்பட்ட நிலத்தில் டுரியான் நடாதே தம்பி என்றுதான் சொல்வேன். ஒட்டுக்கன்றே காய்க்க ஐந்து வருடம் போல ஆகும். மிளகாய் நட்ட இரண்டரை மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். உரிமம் எவ்வளவு காலமோ, பயிரும் அவ்வளவு காலம்.

கையகல இடம்கூட இல்லையா? ஒட்டுக்கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். டுரியான் கொட்டையைப் போட்டால் தாய் மரத்தின் பழம் அப்படியே வராது, அதனால்தான் மூசாங் கிங் கன்றெல்லாம் ஒட்டுக்கன்று. வீட்டுப் பின்புறம் நிழல்வலை, நல்ல கத்தி, பொறுமை, இவை போதும். ரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்டிய கைகள் நம் தாத்தாக்களுடையவை. யாராவது இன்னும் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், எந்த வகுப்பிலும் அந்த வேகம் கிடைக்காது.

பயிற்சியில் சேருமுன் நடத்துபவரிடம் ஒன்று கேளுங்கள்: "விளைஞ்சதை யார் வாங்குவா?" பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள். பாசார் மாலாம், சாப்பாட்டுக் கடை, மொத்த வியாபாரி எல்லாரிடமும் விதைக்கும் முன்பே விலை பேசலாம். நம் கோயில்களுக்கும் வாழை இலை, வெற்றிலை, துளசி தினமும் வேண்டும். உங்கள் ஊர்க் கோயிலுக்கு அவை எங்கிருந்து வருகின்றன என்று இந்த வாரமே ஐயரிடம் விசாரித்துப் பாருங்கள்.