அடுக்களையும் அழகும்

இல்லத்தின் உட்புறத்தை அழகு செய்தல் என்றவுடன் நம்மிற் பலர்க்கும் முதற்கண் நினைவிற்கு வருவது கூடமே. விருந்தினர் அமரும் நாற்காலிகள், சுவரிலுள்ள படங்கள், வாயிலிற் தொங்கும் திரைச்சீலை ஆகியவற்றைச் செம்மைப்படுத்திவிட்டால் வீடு முழுதும் அழகு பெற்றதென எண்ணி மகிழ்கின்றோம். சென்ற விடுமுறையில் யாமும் அவ்வாறே செய்தோம். இரண்டு நாள் உழைத்துக் கூடத்தைப் புதுக்கியபின், எம் அன்னையாரை அழைத்துக் காட்டினோம். அவர்கள் சுற்றும் நோக்கிவிட்டு, "நன்றாயிருக்கிறது, இது வருகிறவர்களுக்கா, இருக்கிறவர்களுக்கா?" என்று வினவி, மீண்டும் அடுக்களைக்குட் சென்றார்கள். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

அழகு வேறு, பயன் வேறு எனப் பிரித்து நோக்குவார் பலர். அங்ஙனம் பிரித்தல் பொருந்தாது என்பதற்கு நம் வீடுகளிலுள்ள அஞ்சறைப்பெட்டியே சான்றாகும். கடுகும் சீரகமும் மஞ்சளும் தத்தம் அறையில் நிற்கின்றன. கை தேடாமலே எடுக்கின்றது. மூடியைத் திறந்த அளவில் கண்ணும் நிறைவு பெறுகின்றது. ஒரு பெட்டியில் இயன்ற இவ்வொழுங்கு ஓர் அறையிலும் இயலுமா? நாள்தோறும் மிகுதியாக வேலை நிகழ்வதும், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் அடுக்களையே. ஆதலின் அதனையே எடுத்துக்கொள்வோம். இம்முயற்சியை 1926 ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் மேற்கொண்டார் ஒருவர்.

முதல் உலகப் போரின்பின் அந்நாட்டு நகரங்களில் வீட்டுப் பஞ்சம் மிகுந்தது. பிராங்க்பர்ட் நகரின் கட்டடப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய எர்ன்ஸ்ட் மே என்பவர், எளிய வருவாயினர்க்கு ஏற்ற இல்லங்களை ஆயிரக்கணக்கில் எழுப்பலானார். அவ்வில்லங்களுக்கு அடுக்களை வகுக்கும் பணியை ஏற்றவர், 1897 இல் வியன்னாவிற் பிறந்த மார்கரெட் ஷுட்டே-லிஹாட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர். அவர் வகுத்த அறையின் அகலம் ஏறக்குறைய 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். புகைவண்டிகளில் மிகச் சிறிய அறையினுள் பலர்க்கு உணவு ஆக்கும் முறை அவர்க்கு முன்மாதிரியாயிற்று. இல்லப் பணியை ஆராய்ந்து அமெரிக்க நாட்டுக் கிறிஸ்டீன் பிரெடரிக் எழுதிய நூலும் வழிகாட்டிற்று.

அம்மையார் தொடங்கியது அணி செய்வதிலன்று. சமைப்பவரின் நடையையும் கையசைவையும் அறிவதில். சாளரத்தின் எதிரே மேசை. அதன்முன் அமர்ந்து வேலை செய்யச் சுழலும் இருக்கை. மேசையில் ஒரு சிறு வாய். காய்த்தோலை அதன் வழியே தள்ளினால் கீழுள்ள இழுப்பறையில் விழும். அரிசி, சர்க்கரை முதலியவற்றிற்குப் பெயர் பொறித்த அலுமினியப் பேழைகள். அவற்றிற்குப் பிடியும் கொட்டும் மூக்கும் உண்டு. கூரையிலுள்ள விளக்கை வேண்டிய இடத்திற்கு நகர்த்தலாம். துணி தேய்க்கும் பலகை வேலை முடிந்ததும் சுவரோடு மடங்கும். அடுத்த அறைக்குச் செல்லும் அகன்ற கதவு ஒருபுறம் நகருமாதலின், தாய் சமைத்துக்கொண்டே குழந்தைகளை நோக்கலாம்.

இவற்றுள் அழகு யாண்டுளது என வினவலாம். மாவுப்பெட்டிக்கு ஓக்கு மரம் கொண்டனர். அதன் துவர்ப்பு புழுவைத் தடுக்கும் என்பது கருத்து. மேசைக்குக் கறையும் கத்திக் கீறலும் தாங்கும் பீச்சு மரம் கொண்டனர். பலகைகளுக்கு நீலப்பச்சை வண்ணம் தீட்டினர். ஈக்கள் அந்நிறத்தை அணுகா என்று அக்காலத்தில் நம்பினர். ஆயினும் மரத்தின் இயற்கை நிறமும், அலுமினியத்தின் வெண்மையும், நீலப்பச்சையும் கூடிய காட்சி கண்ணிற்கு இனிதாயிற்று. பயன் கருதித் தேர்ந்தவையே அழகாயும் அமைந்தன. ஏறக்குறைய 10,000 இல்லங்களில் இவ்வடுக்களை இடம்பெற்றது. பிற்காலத்தில் நியூயார்க் நவீன கலைக் காட்சியகமும் ஒன்றைப் பெற்றுப் பேணலாயிற்று.

எனினும் இதனைக் குறையற்றதென்று கொள்ளுதல் தகாது. அறை ஒருவர்க்கே போதுமானது. துணைக்கு மற்றொருவர் வந்தால் இடமில்லை. தாழ்விலிருந்த பேழைகள் குழந்தைகளின் கைக்கு எட்டின. பொறித்த பெயர்கள் எல்லாக் குடும்பத்தார் வழக்கத்திற்கும் இயையவில்லை. இதனை வகுக்குமுன் தாம் சமைத்ததே இல்லை என்று அம்மையாரே பிற்காலத்தில் ஒளியாது உரைத்தார். அளவுகோல் மட்டும் போதாது. அங்கு வேலை செய்பவரையும் கேட்டல் வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

இதனைப் படித்தறிந்த யாம், ஒரு மாலை எம் அடுக்களையின் வாயிற்படியில் அமர்ந்து அன்னையாரின் நடையை எண்ணினோம். ஒரு குழம்பு ஆக்கி முடிப்பதற்குள் தண்ணீர்க் குடத்திற்கு ஐந்து முறையும், மூலையிலிருந்த பலகைத் தட்டிற்கு ஒன்பது முறையும் நடந்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளாக அவ்வில்லத்தில் உண்ட யாம் அன்றுதான் அதனைக் கண்டோம், நாணினோம். எதனை எங்கு வைக்கலாம் என அவர்களையே கேட்டு, தட்டை அடுப்பின் பக்கத்தில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் அமைத்தோம். குடத்தையும் அருகே கொணர்ந்தோம். இருண்ட கூரையில் ஓர் ஓட்டை அகற்றிக் கண்ணாடி ஓடு பதித்தோம். கூடத்திற்கு வாங்கிய திரைச்சீலையின் விலையினும் இதற்கான செலவு குறைவே.

அன்னையார் யாதும் கூறவில்லை. மறுநாட் காலையில், பித்தளை அஞ்சறைப்பெட்டியைப் புளியிட்டுத் துலக்கி, கண்ணாடி ஓட்டின் ஒளி விழும் இடத்தில் வைத்திருந்தார்கள். பயன் செம்மையுற்ற இடத்திற்கு அழகு அழையாமலே வரும் என்பதை அன்று உணர்ந்தோம்.

நண்பர்காள்! விடுமுறையில் இல்லம் செல்லும்போது கூடத்தில் நின்றுவிடாது, ஒரு பொழுதேனும் அடுக்களையின் வாயிற்படியில் அமர்ந்து நோக்குமின். வீட்டின் அழகை அளக்கத் தக்க இடம் அதுவே.