அதிர்வுப் பட்டையைக் கட்டுவதற்கு முன்

பிசியோதெரபிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

1. நோயாளி எதனால் தள்ளாடுகிறார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். படுக்கையில் புரளும்போது மட்டும் தலை சுற்றினால், உள்காதில் சுண்ணத் துகள் இடம் மாறியிருக்கலாம். எப்லி முறையில் தலையைத் திருப்பினாலே பெரும்பாலும் சரியாகிவிடும், உடல் சாயும்போது அதிர்ந்து உணர்த்தும் பட்டை எதற்கு? ஜென்டாமைசின் போன்ற மருந்தால் இரண்டு உள்காதும் கெட்டவர்களின் நிலை வேறு. இருட்டில் அவர்களுக்குக் கண்ணும் உதவாது. பட்டை அவர்களுக்குத்தான்.

2. சுவரில் ஒரு விரல் நுனியை மட்டும் வைத்து நிற்கச் சொல்லுங்கள். ஒரு நியூட்டனுக்கும் குறைவான விசையில் தொட்டாலே உடலின் ஆட்டம் குறைகிறது என்று ஆய்வாளர்கள் ஜெகாவும் லாக்னரும் 1994இல் காட்டினார்கள். அவ்வளவு மெல்லிய தொடுதல் யாரையும் தாங்கிப் பிடிக்காது. எந்தப் பக்கம் சாய்கிறோம் என்ற சேதியை மூளைக்குச் சொல்கிறது. பட்டையின் வேலையும் அதுவே. நோயாளி இதைத் தன் விரலில் உணர்ந்துவிட்டால் உங்கள் விளக்கம் பாதி முடிந்தது.

3. கட்டும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா? சர்க்கரை நோயாளியின் பாதத்தை 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையாலும் 10 கிராம் மோனோஃபிலமென்டாலும் சோதியுங்கள். மரத்த பாதத்தில் அதிர்வியை வைத்துப் பயனில்லை, இடுப்புக்குக் கொண்டுபோங்கள். கனத்த உடைக்கு மேல் கட்டாதீர்கள்.

4. அதிரும் பக்கத்தை விட்டு விலக வேண்டுமா, அதை நோக்கி நகர வேண்டுமா? முதல் நாளே ஒன்றை முடிவு செய்யுங்கள். பிறகு மாற்றவே மாற்றாதீர்கள்.

5. பின்னால் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் நிற்காமல் பயிற்சியைத் தொடங்கக் கூடாது.

6. கருவியைக் கழற்றுவதுதான் கடினமான பாடம். பால் பாக்-ஒய்-ரிட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள். 1969இல், கேமரா கண்ட காட்சியைப் பார்வையற்றோர் முதுகில் அதிர்வுகளாக உணரவைத்தவர். பின்னாளில் நாக்கில் மெல்லிய மின் தூண்டல் தரும் கருவியால் தள்ளாடியவர்களை நிற்க வைத்தார். கருவியை எடுத்த பிறகும் சிலருக்கு அந்த நிதானம் கொஞ்ச நேரம் நீடித்தது. எல்லோருக்கும் அப்படி நடக்காது, வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு அமர்விலும் கடைசிச் சில நிமிடங்கள் பட்டை இல்லாமல் நிற்கவும் நடக்கவும் விடுங்கள். நடக்கும்போது பேச்சுக் கொடுங்கள்: என்ன சமையல், பேரன் எந்த வகுப்பு என்று. பதில் சொல்லும்போது கால் தடுமாறினால் அவர் இன்னும் தேறவில்லை.

7. பட்டையின் விலை கட்டுப்படியாகாத குடும்பத்தைக் கடனில் தள்ளாதீர்கள். இரவு விளக்கு, குளியலறையில் கைப்பிடி, முறையான பயிற்சி: இவற்றை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து ஏற்பாடு செய்யுங்கள்.