செங்காந்தளும் மூட்டு வீக்கமும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நெடுங்காட்டு வேலிகளிலே தீச்சுடர் போல் மலரும் செங்காந்தளை நம்மில் அறியாதார் இலர். இதன் கிழங்கு கலப்பை வடிவினதாதலின் கலப்பைக் கிழங்கெனப் பெயர்பெற்றது.

இக்கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் சத்து உளது. 1820-ஆம் ஆண்டில் பெல்லத்தியே, காவாந்து என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் இருவர், இக்குடும்பத்தைச் சேர்ந்த கொல்சிகம் என்னும் ஐரோப்பியச் செடியினின்று இதனைப் பிரித்தெடுத்தனர்.

இச்சத்து தொழிற்படுமாற்றைக் காண்போம். கவுட் என்னும் நோயில் யூரிக் அமிலம் ஊசி போன்ற பளிங்குகளாய் மூட்டில் தங்குகின்றது. அவற்றை எதிர்த்து இரத்தத்தின் வெள்ளணுக்கள் திரளவே, மூட்டு சிவந்து வீங்கிக் கனலும். அவ்வணுக்கள் நகர்வதற்கு வேண்டிய நுண்குழல்களைக் கொல்சிசின் அமையவொட்டாது தடுத்தலின் வீக்கம் தணிகின்றது. 2023-இல் அமெரிக்க அரசாங்கம் இருதய நோயாளர்க்கும் இதனை நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் அளவில் அனுமதித்தது.

நுண்குழலின்றி நம் உயிரணுக்கள் பிரிந்து பெருகமாட்டா. ஆதலின் அளவு மிகுந்தால் குடலும் எலும்பு மச்சையும் சிதைந்து உயிர்க்கே கேடு விளையும். வேகவைத்தாலும் இந்நஞ்சு நீங்காது. வள்ளிக்கிழங்கென மயங்கி இதனை உண்டு மாண்டாரும் உளர்.

வேலிக்கிழங்கைத் தோண்டி மூட்டுநோவிற்குக் கஷாயமிடுவாரைக் கண்டால் தடுத்தல் நம் கடமையாம். எவரேனும் உண்டுவிட்டாரெனில், வாந்தியும் பேதியும் தோன்றச் சில மணிநேரம் செல்லுமாதலின், அவர் நலமாயிருக்கின்றாரென்று வாளாவிராது உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வோமாக.