முன் சக்கரம் துள்ளுகிறதா? செல்போனும் எக்செல்லும் காட்டும் காரணம்

உங்கள் வீட்டில் பழைய மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும் ஹேண்டில்பார் ‘டக் டக்’ என்று மேலும் கீழும் துள்ளுகிறதா? மெக்கானிக்கிடம் கொண்டு போனால் ஒருவர் டயர் என்பார், இன்னொருவர் போர்க் என்பார், மூன்றாமவர் கோன் செட் என்பார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் செலவுதான் ஏறும்.

புரோகிராமில் பிழை வந்தால் நாம் எல்லா வரிகளையும் மாற்றி எழுதுவதில்லை. பிழை எந்தப் பகுதியில் இருக்கிறது என்று முதலில் பிரித்துப் பார்ப்போம். அதே முறையை இங்கே பயன்படுத்துவோம். தேவையானவை ஒரு பழைய செல்போன், எக்செல், கொஞ்சம் கணக்கு.

முதலில் கணக்கு

ஸ்பிளெண்டர் போன்ற பழைய 100 சிசி வண்டிகளின் முன் டயர் அளவு 2.75-18. 18 அங்குல ரிம்முடன் டயரின் உயரத்தையும் சேர்த்தால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.87 மீட்டர். எந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு எத்தனை முறை சுற்றும்?

30 கி.மீ. வேகம் - 4.5 சுற்று
40 கி.மீ. வேகம் - 5.9 சுற்று
50 கி.மீ. வேகம் - 7.4 சுற்று
60 கி.மீ. வேகம் - 8.9 சுற்று

வேறு டயர் என்றால், டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி, தரையில் அளந்துகொள்ளுங்கள். இனி விதி எளிது. துள்ளல் இந்த எண்களோடு சேர்ந்து மாறினால் குற்றவாளி சுற்றும் பொருள்: டயர், ரிம் அல்லது பேலன்ஸ். எந்த வேகத்திலும் ஒரே எண்ணாக இருந்தால் போர்க்கைச் சந்தேகப்படுங்கள்.

செல்போனில் பதிவு செய்தல்

ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவச ஆப்பை நிறுவுங்கள். அதில் ஈர்ப்பு விசையுடன் கூடிய ஆக்சிலரேஷன் பகுதியைத் திறந்து, ‘டைம்டு ரன்’ வசதியில் 60 நொடி தாமதமும் 20 நொடி பதிவும் கொடுங்கள். போனை ஹேண்டில்பாரில் இறுகக் கட்டுங்கள். புதிய போன் வேண்டாம். மோட்டார் சைக்கிள் அதிர்வு கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது.

டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆள் நடமாட்டமில்லாத நேரான சாலையில் 40, 50, 60 என்று மூன்று வேகத்தில் தனித்தனியே பதிவு செய்யுங்கள். ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது. வண்டி அடங்காமல் ஆடினால் சோதனையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

எக்செல்லில் ஆராய்தல்

1. பதிவை எக்செல் கோப்பாக எக்ஸ்போர்ட் செய்து கணினிக்கு மாற்றுங்கள்.

2. ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் பகுதியில் ‘அனாலிசிஸ் டூல்பேக்’ வசதியை இயக்குங்கள்.

3. மேல்-கீழ் அசைவைக் காட்டும் நெடுவரிசையில் 1024 வரிகளைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா மெனுவில் ‘டேட்டா அனாலிசிஸ்’, அதில் ‘ஃபூரியர் அனாலிசிஸ்’ கிளிக் செய்யுங்கள்.

4. விடை கலப்பெண்களாக வரும். ‘ஐஎம்ஏபிஎஸ்’ ஃபார்முலா கொடுத்து அளவாக மாற்றி, முதல் 512 வரிகளுக்கு வரைபடம் போடுங்கள்.

போன் நொடிக்கு 100 முறை அளந்திருந்தால் ஒரு வரிக்கு அடுத்தது சுமார் 0.1 ஹெர்ட்ஸ் கூடும். 60 கி.மீ. வேகத்துக்கான சிகரம் 90-வது வரியை ஒட்டித் தெரிய வேண்டும். உங்கள் போன் எத்தனை முறை அளக்கிறது என்பதை நேர நெடுவரிசையில் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சில வரிகள் புவி ஈர்ப்பு, அவற்றை விட்டுவிடலாம்.

ஓர் உதாரணம்

பக்கத்து வீட்டு சார் தன் வண்டிக்குப் புதிய டயர் போட்டிருந்தார். பிறகு துள்ளல் வரவே, போர்க் ஆயிலும் மாற்றினார். பயனில்லை. மனைவியைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவதையே நிறுத்திவிட்டார். மூன்று பதிவுகளில் சிகரங்கள் 6, 7.4, 8.9 ஹெர்ட்ஸில் வந்தன. அப்படியே மேலே உள்ள பட்டியல்! போர்க் மீதான சந்தேகம் தீர்ந்தது.

வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்பக்கத்தை ஒருவர் அழுத்திப் பிடிக்க, முன் சக்கரத்தைச் சுழற்றினோம். போர்க்கில் கட்டிய கம்பியை ரிம் அருகே நீட்டி வைத்தோம். ரிம்மின் ஏற்ற இறக்கம் 1 மி.மீ. கூட இல்லை. 2 மி.மீ. வரை பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம். டயர் மட்டும் ஓரிடத்தில் 4 மி.மீ. எழும்பியது. டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி ஒரு வட்டக் கோடு இருக்கும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும். இங்கே நேர் எதிர்ப்பக்கத்தில் கோடு ரிம்முக்குள் மறைந்திருந்தது. டயர் சரியாக உட்காரவில்லை. கடையில் காற்றை இறக்கி, சோப்பு நீர் தடவி உட்கார வைத்தார்கள். துள்ளல் போனது. புதிய டயர் என்பதாலேயே யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

உங்கள் வண்டியில் என்ன?

* சிகரம் சக்கரத்தோடு மாறுகிறது, ரிம் ஏறி இறங்குகிறது: பெண்டு எடுக்க வேண்டும். ஸ்போக்ஸ் கம்பிகளைத் தட்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி.

* ரிம், டயர் இரண்டும் வட்டம், ஆனால் வேகம் கூடக்கூடத் துள்ளல் கடுமையாகிறது: பேலன்ஸ் கோளாறு. ரிம்மில் 20 கிராம் கூடுதலாக இருந்தால் 60 கி.மீ. வேகத்தில் அது சுமார் 1.5 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு.

* சிகரம் நகரவே இல்லை: முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டில்பாரை அழுத்தி விடுங்கள். எழுந்ததும் அடங்காமல் ஆடினால் போர்க் ஆயிலையும் ஆயில் சீலையும் பாருங்கள்.

* பிரேக் பிடிக்கும்போது மட்டும் துள்ளல்: பிரேக் டிரம் வட்டமாக இல்லை.

* சாலை மாறினால் துள்ளலும் மாறுகிறது: கோளாறு சாலையில் இருக்கலாம். வேறு சாலையில் மீண்டும் அளந்து பாருங்கள்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்து, பேரிங்கிலும் கோன் செட்டிலும் ஆட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் சரி செய்து, மீண்டும் பதிவெடுத்து ஒப்பிடுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது.

மூன்று வரைபடங்களையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். எதைப் பிரிக்க வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று உங்களாலேயே மெக்கானிக்கிடம் சொல்ல முடியும்.