புதுசு போட்டாச்சு, ஆனா பழசுதான் திறக்குது!

கணனிப் பாடம்

நாம் சென்றிருந்த ஒரு தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தின் கணக்கை ஒரு தங்கச்சி மடிக்கணனியில் எழுதி வருகின்றார். 112 குடும்பங்கள், குடும்பத்துக்கு மாதம் 200 ரூபாய் சந்தா. மூன்று மாதம், அதாவது 600 ரூபாய் பாக்கி வைத்தவர்களுக்கு முழு உதவித் தொகை கிடையாது என்பது சங்கத்தின் விதி. ஒரு நாள் கீழ் லயத்தில் ஒரு பெரியவர் காலமானார். கணக்கைத் திறந்து பார்த்தால் அந்த வீட்டுக்கு நேரே 600 ரூபாய் பாக்கி என்று நிற்கின்றது! "நாங்க மாசா மாசம் கட்டினோமே, புள்ள" என்று அந்த அம்மா பற்றுச்சீட்டுகளை எடுத்து வந்து காட்டினார். சீட்டு சரி. கணக்குத்தான் பிழை.

எப்படி வந்தது இந்தப் பிழை? அந்த மடிக்கணனியில் முதலில் இருந்தது எக்செல் 2007. பிறகு ஒரு கடையில் எக்செல் 2021 போட்டுக் கொடுத்தார்கள், பழசை எடுக்கவில்லை. இரண்டும் ஒரே கணனியில், வேறு வேறு இடத்தில் குடியிருந்தன. தங்கச்சியின் அண்ணன் புதிய எக்செலில் 'எக்ஸ்லுக்கப்' என்னும் சூத்திரத்தைப் போட்டு, யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதைத் தானாகவே தேடி எடுக்கும்படி கணக்கை அமைத்துக் கொடுத்திருந்தார். இந்தச் சூத்திரம் 2007இல் கிடையாது. ஆனால் தங்கச்சி கோப்பை இரண்டு தரம் தட்டித் திறந்தபோதெல்லாம் திறந்தது பழைய 2007தான்.

இதில் ஏமாற்றம் என்னவென்றால், திறந்த உடனே ஒன்றும் தெரியாது. புதிய எக்செல் கடைசியாகக் கணக்கிட்ட இலக்கங்களையே பழசும் காட்டும். ஒருவர் கட்டிய காசைப் பதிந்ததும்தான் சூத்திரம் மறுபடி ஓடும். பழசுக்கு அது விளங்காது. உடனே பாக்கி நிரல் முழுவதும் 'நேம்' என்ற ஆங்கிலச் சொல்லும் கேள்விக்குறியுமாக மாறிவிடும். தங்கச்சி பயந்துபோய், போன மாதம் அச்செடுத்த தாளைப் பார்த்து இலக்கங்களைக் கையாலேயே அடித்துவிட்டார். சூத்திரம் இருந்த இடத்தில் வெறும் இலக்கம் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு யார் காசு கட்டினாலும் அந்த நிரல் அசையவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டோம். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

புதுசு இருக்கப் பழசு ஏன் திறக்கின்றது? புது வீட்டுக்குக் குடிபோன பின்னும், தபால்காரர் பழைய லயத்துக் காம்பிராவிலேயே கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவதில்லையா, அதுபோலத்தான். கணனித் திரையில் நீங்கள் தட்டும் சின்னப் படம் மென்பொருள் அல்ல, அதன் விலாசம் மாத்திரமே. விலாசம் மாறாவிட்டால் பழைய இடத்துக்கே போகும். கீழ்ப்பட்டியில் ஒட்டி வைத்த படமும் அப்படியே. கோப்பை நேராகத் தட்டும்போது, "இந்த வகைக் கோப்பை எதில் திறப்பது?" என்று விண்டோஸ் தன்னிடமுள்ள பதிவைப் பார்க்கும். அங்கும் பழைய பெயரே இருக்கலாம்.

எது திறந்திருக்கின்றது என்று முதலில் பாருங்கள். திரையின் இடது மேல் மூலையில் வட்டமான பொத்தான் இருந்தால் அது 2007. 'பைல்' என்று எழுதியிருந்தால் 2010 அல்லது அதற்குப் பிந்தியது. பிந்தியதில் 'பைல்', 'அக்கவுண்ட்', 'அபவுட் எக்செல்' என்று போனால் விபரம் வரும்.

இனித் திருத்தும் வழி. கோப்பை ஒரு பென் டிரைவில் பிரதி எடுக்காமல் எதையும் தொட வேண்டாம். திறந்திருக்கும் எக்செல் எல்லாவற்றையும் மூடுங்கள். ஸ்டார்ட் பொத்தானை அமுக்கி எக்செல் என்று ஆங்கிலத்தில் அடித்தால் இரண்டும் வரிசையில் வரும். புதியதைத் திறந்து, அதற்குள்ளிருந்தே கோப்பைத் திறவுங்கள். அவசரத்துக்கு இது போதும். பிறகு பழைய படங்களைத் திரையிலிருந்தும் கீழ்ப்பட்டியிலிருந்தும் எடுத்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள். படத்தை எடுப்பதால் மென்பொருளோ கோப்போ அழியாது. எந்தப் படம் எதனுடையது என்று சந்தேகமா? படத்தின் மேல் வலது பொத்தானை அமுக்கி 'ப்ரொபர்ட்டீஸ்' போனால் 'டார்கெட்' என்ற கட்டத்தில் விலாசம் இருக்கும். 'ஒபிஸ் 12' என்றால் 2007, 'ஒபிஸ் 16' என்றால் 2016 அல்லது அதற்குப் பிந்தியது. (12க்குப் பிறகு 14, 13ஐ அந்தக் கம்பனி விட்டுவிட்டது!)

கோப்பைத் தட்டினால் பழசே வருகின்றது என்றால், கோப்பின் மேல் வலது பொத்தானை அமுக்கி, 'ஓப்பன் வித்' என்பதில் புதியதைத் தெரிந்து, எப்போதும் இதிலேயே என்பதையும் தெரிய வேண்டும். இது சில வேளை சரிவராது. இரண்டு எக்செலுக்கும் உள்ளே ஒரே பெயர்தான் என்பதால் விண்டோஸ் குழம்பிவிடும். அப்போது பழசை நீக்குவதே நல்லது. 2007க்கான பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2017 ஒக்டோபரிலேயே நிறுத்திவிட்டது, அதை வைத்திருப்பதில் இலாபமுமில்லை.

ஆனால் பொறுங்கள். நீக்கும் முன், புதியதின் 'அக்கவுண்ட்' பக்கத்தில் 'அக்டிவேட்டட்' என்று இருக்கின்றதா எனப் பாருங்கள். சில கடைகளில் சில நாட்களுக்கு மாத்திரம் ஓடும் பரீட்சார்த்தப் பிரதியைப் போட்டுவிடுகின்றார்கள். காலம் முடிந்தால் கோப்பைப் பார்க்கலாம், எழுத முடியாது. பழசையும் எடுத்துவிட்டால் இரண்டும் இல்லாமல் போகும். காசு கொடுத்து வாங்க வசதியில்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் போடலாம். 2024 ஓகஸ்டில் வெளிவந்த 24.8 பதிப்பிலிருந்து அதிலும் எக்ஸ்லுக்கப் உண்டு.

எல்லாம் சரியென்றால் 'செட்டிங்ஸ்', 'அப்ஸ்' வழியாகப் போய் 2007ஐ மாத்திரம் நீக்குங்கள். பிறகு அதே பட்டியலில் புதிய ஒபிஸுக்கு நேரே 'மொடிஃபை', 'குவிக் ரிப்பேர்' கொடுத்தால் விண்டோஸின் பதிவும் பல வேளைகளில் சரியாகிவிடும். கணனியை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள்.

கையால் அடித்த இலக்கங்களைக் கண்டுபிடிக்க, 'கொன்ட்ரோல்' விசையோடு, 1க்கு இடப்பக்கமுள்ள விசையைச் சேர்த்து அமுக்குங்கள். சூத்திரங்கள் சமன் குறியோடு தெரியும்; வெறும் இலக்கமாக நிற்பவை கையால் அடித்தவை. மீண்டும் அமுக்கினால் பழையபடி வரும். அந்தத் தங்கச்சியின் நிரலில் ஒரு சூத்திரமும் மிஞ்சவில்லை. அண்ணன் மறுபடி எழுதும்போது 'வீலுக்கப்' போட்டார். அது பழசு, புதுசு எதிலும் ஓடும்.

பெரியவரின் வீட்டுக்கு முழுத் தொகையும் அன்று மாலையே கொடுக்கப்பட்டது. தலைவர் அந்த அம்மாவிடம், "கணக்குல எங்க பிழைங்க அம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பாக்கி என்று தவறாகக் காட்டப்பட்டிருந்த வேறு நான்கு வீடுகளுக்கும் தங்கச்சி பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.