கோளாறு டேங்கின் அடியில்

கேள்வி: குன்னம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல். மக்காச்சோளமும் பருத்தியும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் டிராக்டர் ஒரு வருஷத்துக்கு மேல் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. டேங்கில் பாதி டீசல் இருந்தது. இப்போது பேட்டரி மாற்றியதும் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கலப்பையை இறக்கி இருபது நிமிஷம் ஓட்டினால் இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு எடுத்தால் மறுபடி ஓடுகிறது. பில்டர் இரண்டு முறை மாற்றிவிட்டேன். கழற்றிய பில்டரில் கறுப்பாக, வழவழவென்று ஏதோ ஒட்டியிருக்கிறது. மெக்கானிக், பம்பைக் கழற்ற வேண்டும் என்கிறார். வெளியே பேரலில் இன்னும் நூறு லிட்டர் போலப் பழைய டீசல் கிடக்கிறது. அதைக் கொட்டிவிடுவதா, ஊற்றி ஓட்டலாமா?

— வாசகர், குன்னம் வட்டம்

பதில்: பம்பை இப்போது தொட வேண்டாம். மூன்றாவது பில்டரும் வாங்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் எல்லாமே டேங்கின் அடியைத்தான் காட்டுகின்றன.

நின்ற வண்டி கொஞ்ச நேரம் கழித்துத் தானாக ஓடுகிறதே, அதுதான் முக்கியமான தடயம். பம்போ நாசிலோ போயிருந்தால் ஓய்வு கொடுத்ததால் பெரும்பாலும் சரியாகாது. உழும்போது டிராக்டர் குலுங்குகிறது. அடியில் படிந்த கசடு கலங்கி, டீசல் இறங்கும் வாயில் போய் அடைகிறது. இன்ஜின் நின்றதும் உறிஞ்சல் நிற்கிறது, கசடு மெல்லக் கீழே இறங்குகிறது, வழி திறக்கிறது. மறுபடி இருபது நிமிஷம் ஓட்டம்.

இதே அடையாளத்தைக் காட்டும் இன்னொரு கோளாறும் உண்டு. காசு செலவில்லாமல் அதை முதலில் பார்த்துவிடுங்கள். டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை இருக்கும். ஒரு வருஷம் கொட்டகையில் நின்ற வண்டியில் குளவி மண் வைத்தோ தூசி படிந்தோ அது அடைத்திருக்கலாம். அடுத்த முறை வண்டி நிற்கும்போது உடனே மூடியைத் திருகிப் பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால் துளைதான் காரணம். ஒரு ஊசியில் முடிந்துவிடும் வேலை. ஆனாலும் பில்டரில் வழவழப்பு இருக்கிறது என்கிறீர்கள், ஆகவே டேங்கையும் கழுவியே ஆக வேண்டும்.

அந்த வழவழப்பு என்ன? டீசல் வெயிலில் கெட்டுப்போனால் படிவது பிசின் மாதிரி இருக்கும், விரலில் ஒட்டும். வழுக்கிக்கொண்டு, நூல் நூலாக, புளித்த வாடையோடு வந்தால் அது உயிருள்ள பொருள்: பூஞ்சையும் பாக்டீரியாவும். அவை டீசலைத் தின்னும். ஆனால் குடியிருக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது, அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் அந்த மெல்லிய எல்லையில்தான் இவை பெருகுகின்றன.

இந்தக் கேள்வி நாகப்பட்டினத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ வந்திருந்தால் எனக்கு வியப்பில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கட்டியே கிடக்கும். அதைவிட மோசம் பாய்மர உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள் பாடு: காற்றில் ஓடும் படகு, துறைமுகத்துக்குள் நுழையத்தான் இன்ஜின், டீசல் வருஷக்கணக்கில் டேங்கிலேயே நிற்கும். அலை எழும்போது அடிக்கசடு கிளம்பி, வேண்டிய நேரத்தில் இன்ஜின் நிற்கும். கரிசலில் கலப்பை இறக்கிய டிராக்டருக்கு நடப்பதும் அதேதான். உங்களுக்கு இறங்கி நடந்து வீட்டுக்குப் போக முடிகிறது, அவர்களுக்கு முடியாது.

கடலே இல்லாத உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பாதி டேங்க் என்றால் மேல்பாதி முழுக்கக் காற்று. பகலில் சூடேறி வெளியேறும், இரவில் குளிர்ந்து உள்ளே இழுக்கும். மார்கழிப் பனியில் அந்த ஈரம் டேங்கின் உட்சுவரில் வியர்த்து, சொட்டி, அடியில் சேரும். நிறுத்தப்போகும் வண்டிக்கு டேங்கை நிரப்பி வையுங்கள் என்று சொல்வது இதனால்தான். வெளியே நிற்கும் பேரல் இன்னும் கேடு. நிமிர்த்தி வைத்த பேரலின் தலையில் விளிம்புக்குள் மழைத்தண்ணீர் தேங்கும். இரவில் குளிரும்போது இறுக்கிய மூடி வழியாகக்கூட அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இனி வேலைக்கு வருவோம். வண்டியை ஒரு நாள் முழுக்க அசைக்காமல் நிறுத்துங்கள். டேங்கின் அடி போல்ட்டைத் தளர்த்தி, முதலில் வருவதை வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அதை ஜன்னலோரம் ஒரு இரவு வைத்தால் காலையில் எல்லாம் தெரிந்துவிடும். அடியில் தெளிவாகத் தண்ணீர், அதன்மேல் கறுப்பாக ஒரு ஏடு, அதற்கு மேல் டீசல். மேலே நிற்கும் டீசல் தெளிவாக, வெளுப்பாக இருந்தால் பிழைத்தது. காபி நிறத்தில், வார்னிஷ் வாடையோடு இருந்தால் அது போயிற்று.

பிறகு டேங்கை முழுதாக வடித்து, முடிந்தால் கழற்றி இறக்குங்கள். ஐந்தாறு லிட்டர் நல்ல டீசலை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்து, தெளிவாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவாதீர்கள். நூல் பிரியும் வேஸ்ட் துணியை உள்ளே விடாதீர்கள். ஒரு நூல் போதும், மறுபடி அடைக்க. துரு ஓட்டை தெரிந்தால் காலி டேங்க்தானே என்று வெல்டிங் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். டேங்கிலிருந்து பில்டருக்குப் போகும் ஓஸ், கண்ணாடிக் கிண்ணம் இருந்தால் அது, ரிட்டர்ன் ஓஸ் எல்லாவற்றையும் ஊதிப் பாருங்கள். அதன்பிறகுதான் புது பில்டர்.

மூடியதும் ஏர் எடுக்க வேண்டும். பில்டர் தலையில் இருக்கும் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்துக்கொண்டே இருங்கள். நுரை நின்று, குமிழி இல்லாத டீசல் வந்ததும் இறுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள திருகிலும் அப்படியே. இது பழைய வகை பம்புக்குச் சொன்னது. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புது புகை விதி. அந்த வண்டிகளில் மிக அதிக அழுத்தத்தில் டீசலைச் செலுத்தும் காமன் ரெயில் அமைப்பு இருந்தால் நாசில் பைப்புகளை நீங்களாகத் தளர்த்தவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலை எடுக்கும்படி ஆகிவிடும்.

பேரல் டீசலைக் கொட்டாதீர்கள். நிழலில், தண்ணீர் படாமல் இருந்த டீசல் ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை நன்றாகவே தாங்கும். வெளியே கிடந்ததால் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பேரலை நிமிர்த்தி இரண்டு நாள் அசையாமல் விட்டு, ஓஸை அடிவரை இறக்காமல் ஒரு சாண் மேலேயே நிறுத்தி இழுங்கள். பாட்டில் சோதனையில் தேறினால், தண்ணீரைத் தடுக்கும் வடிகட்டிப் புனலில் வடித்து, ஒரு பங்குக்கு நாலு பங்கு புது டீசல் சேர்த்து ஓட்டலாம். என்னைக் கேட்டால் அதையும் டிராக்டருக்கு ஊற்ற மாட்டேன். 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு ஓரங்கட்டப்பட்ட ஆயில் இன்ஜின் இன்னும் பல கிணற்றடியில் உண்டு. பழைய டீசலுக்கு அதுதான் சரியான இடம். அடியில் மிஞ்சும் கசடைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். வெடித்த கரிசலில் ஊற்றினால் நேரே கீழே போகும்.

கடையில் விற்கும் பூஞ்சை மருந்தை டேங்கைக் கழுவாமல் ஊற்றினால், செத்த பூஞ்சை முழுவதும் பில்டருக்குத்தான் வரும். மண்ணெண்ணெய் கலந்தால் சுத்தமாகும் என்பார்கள். அதற்கு வழுவழுப்பு குறைவு, டீசலின் வழுவழுப்பிலேயே ஓடும் பம்ப் தேய்ந்துவிடும். தகர நிறத்தில் நாகம் பூசிய பேரலும் வேண்டாம், நாகம் டீசலோடு வினைபுரிந்து பசையாகும். சாதாரண இரும்பு பேரல் போதும். வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி சரியா என்ற பயமும் வேண்டாம்: எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை டீசலுக்கு உரிமம் தேவையில்லை.

பேரலை இன்றைக்கே கொட்டகைக்குள் உருட்டி, படுக்க வைத்துவிடுங்கள். மூடிகள் இரண்டும் ஒரே மட்டத்தில், டீசலுக்குள் மூழ்கியபடி இருக்கட்டும்.

டேங்க் கழுவி, புது டீசலில் ஒரு நாள் உழுத பிறகும் இழுவை குறைந்தால், உங்கள் மெக்கானிக் சொல்வது சரி. அப்போதும் மரத்தடியில் வைத்துப் பம்பைப் பிரிக்க விடாதீர்கள். கேலிபரேஷன் பெஞ்ச் உள்ள கடையாகப் பார்த்துக் கொடுங்கள்.